அத்தைக்கு வராத பென்ஷன்

எங்க நாஞ்சில் நாட்டுல மாப்பிள்ளை பாக்கப் போனா முதல் கேள்வியே "கவர்மெண்டு உத்தியோகமா?"ன்னுதான். சம்பளத்தை விட பின்னாடி வர்ற பென்ஷன் மேலதான் கண்ணு. அது மொத்தமாப் போகவும் வழி இருக்குன்னு யாரும் யோசிக்கிறதில்லை.

எங்க தெருவுல ஒரு அத்தை (ஊர் முறைக்குத்தான் அத்தை). மாமா லஞ்ச வழக்குல மாட்டினவர். தமிழ்நாட்டுல ஒரு விதி உண்டு. குற்ற வழக்குல சஸ்பெண்ட் ஆனவரை வயசு முடிஞ்சாலும் ரிட்டயர் ஆக விடாம நிறுத்தி வைக்கலாம். அப்படி நிறுத்தி வச்சு, தண்டனை வந்ததும் டிஸ்மிஸ் பண்ணிட்டாங்க. 1978 ஓய்வூதிய விதிகள்படி டிஸ்மிஸ்னா பார்த்த சர்வீஸ் எல்லாம் கழிஞ்ச கணக்கு. பென்ஷனும் இல்ல, கிராஜுவிட்டியும் இல்ல. பி.எஃப். மட்டும் கைக்கு வந்தது, அது அவரோட சொந்தக் காசு.

மதுரைக் கிளையில அப்பீல் போட்டிருக்கார். "தீர்ப்பு வர்ற வரைக்கும் பொறுக்கக் கூடாதா?"ன்னு கேட்டார். பொறுக்க வேண்டியதில்லைன்னு நாகூர் மீரா வழக்குல 1995லயே உச்சநீதிமன்றம் சொல்லியாச்சு. அதுவும் நம்ம தமிழ்நாட்டு வழக்குதான். அப்பீல்ல விடுதலையானா உத்தரவை மாத்திக்கலாமாம். அதுவரைக்கும் அடுப்பு எரியணுமே?

அத்தை இப்போ முந்திரிக்கொத்து போட்டு விக்கிறாங்க. "அவரு வாங்கின காசை நான் கண்ணால கண்டதில்ல மக்ளே. பென்ஷன் போனது மட்டும் எனக்கும் சேத்துல்லா போச்சு"ன்னாங்க. எனக்கு வாய் அடைச்சிட்டு.

பென்ஷன் அரசாங்கம் போடுற பிச்சை இல்லை, உழைச்சதுக்கு வர்ற உரிமைன்னு 1982ல நகரா வழக்குல சொன்னாங்க. அதைப் புடிச்சுக்கிட்டு அத்தை பக்கம் நின்னு வாதாடிப் பார்த்தேன். ஆனா வாச்சாத்தி குறுக்க வந்து நிக்குது. 1992ல நடந்த கொடுமைக்கு 2011லதான் தீர்ப்பு. வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆளுங்க 269 பேர்ல 54 பேர் அதுக்குள்ள செத்தே போயாச்சு, மிச்ச 215 பேருக்கும் தண்டனை. அவங்களுக்கும் மாசாமாசம் பென்ஷன் போகணுமான்னு கேட்டா, மனசு ஒப்பலை. ரிட்டயர் ஆனவருக்கும் பெரிய குற்றத்துல தண்டனை வந்தா பென்ஷனை நிறுத்தலாம்னு அதே விதிகள்ல எட்டாவது விதி இருக்கு. அது இருக்கட்டும்னுதான் தோணுது.

அப்போ அத்தைக்கு? நாற்பதாவது விதியில ஒரு சந்து இருக்கு. கருணைப்படி. டிஸ்மிஸ் ஆனவருக்கும், விசேஷமாப் பரிசீலிக்க வேண்டிய நிலைமைன்னா, வர வேண்டிய பென்ஷன்ல மூணுல ரெண்டு பங்குக்கு மிகாம கொடுக்கலாம். கொடுக்கலாம், அவ்வளவுதான், கட்டாயமில்லை. மாமாவுக்கு இப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது. போன வாரம் மனு எழுதிக் கொடுத்தேன். லஞ்ச வழக்குன்னா ஃபைலைத் தொடவே யோசிப்பாங்கன்னு ஆபீஸ்ல வேலை பாக்குற சிநேகிதன் சொல்றான். மக்களே, இதை வாங்கின யாரையாவது தெரிஞ்சா ஒரு வரி எழுதுங்க, என்னென்ன காகிதம் வச்சாங்கன்னும் சேர்த்து.