கொங்கு நாட்டில் சில நாட்கள் – 2: மீனம்பாக்கத்திலிருந்து பீளமேட்டிற்கு

தேசப்படத்தில் சென்னை மீனம்பாக்கத்திலிருந்து கோயமுத்தூர் பீளமேட்டிற்கு ஒரு நேர்கோடு இழுத்தால், அது திருவண்ணாமலை, சேலம், பவானி ஆகிய ஸ்தலங்களை ஏறக்குறையத் தொட்டுக்கொண்டு 400 கிலோமீட்டரில் முடிந்துவிடும். இருப்புப்பாதையோ காட்பாடி, ஜோலார்பேட்டை என்று வளைந்து அதே யாத்திரையை ஏறத்தாழ 500 கிலோமீட்டராக்குகிறது. 2023-இல் வந்த வந்தே பாரத் ரயிலுக்கும் அதைக் கடக்க ஆறு மணி நேரம் வேண்டியிருக்கிறது.

“ஏனுங்க, மணிக்கு 800 கிலோமீட்டர் வேகம்னா அரை மணியில போயிறலாமே, எதுக்குங்க ஒன்றேகால் மணின்னு போட்டிருக்காங்க?” என்று விமானத்தில் என் பக்கத்து ஆசனத்திலிருந்த திருப்பூர் இளைஞர் கேட்டார். நியாயமான கேள்வி. ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வதும், உயரம் பிடிப்பதும், வேகம் தணித்து இறங்குவதும் பிரயாணத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ள, பூரண வேகத்தில் சமமாகப் பறக்கும் பாகம் மிகச் சொற்பமே. சேலம் வருமுன்பே இறக்கம் ஆரம்பமாகிவிடுகிறது. எஞ்சிய நிமிஷங்களை நிர்ணயிப்பது காற்று என்று அவரிடம் சொன்னேன்.

அந்தக் காற்றைப் பற்றித்தான் எனக்கு விஸ்தாரமாகச் சொல்லத் தோன்றுகிறது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்தில் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய், தென்மேற்குப் பருவக்காற்றைத் திரட்டிக் கொங்குச் சமவெளியின் மீது ஏவுகிறது. விமானம் எதிர்காற்றில் இறங்குவதே க்ஷேமம். பீளமேட்டு ஓடுபாதையும் வடகிழக்கு–தென்மேற்காகவே கிடக்கிறது. ஆகையால் ஆடி மாதத்தில் சென்னையிலிருந்து வரும் விமானம், வந்த திசை மாறாமல் நேரே இறங்கிவிடலாம். மார்கழி, தை மாதங்களில் கீழைக்காற்று வலுத்து வீசும் வேளைகளிலோ, நகரைக் கடந்து தென்மேற்கே போய்த் திரும்பி வந்து இறங்க வேண்டியிருப்பதால் சில நிமிஷங்கள் கூடிவிடுகின்றன. 1940-இல் தொடங்கிய இவ்விமான நிலையத்தின் கால அட்டவணைக்குள் கணவாயின் சுவாசமும் கலந்திருக்கிறது என்பதை நினைக்குந்தோறும் எனக்கு ஆனந்தமே உண்டாகிறது.

நாங்கள் சென்றது ஆடி மாதம். மேகத்திரை விலகியதும் பவானிக் கூடுதுறை தெரிந்தது. பிறகு இறக்கையின் பின்விளிம்பிலிருந்து உலோகத் தகடுகள் படிப்படியாக நீண்டு கீழே வளைய, விமானம் குலுங்கத் தொடங்கியது. இடப்புறம் பல்லடத்துப் பக்கம் காற்றாலைகள் யாவும் மேற்குமுகமாக நின்று சுழன்றன. தென்னந்தோப்புகளில் ஓலைகள் அனைத்தும் கிழக்கு நோக்கிச் சாய்ந்திருந்தன. இளைஞர் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு பார்த்தார். அட்டவணையில் கண்ட நேரத்திற்குச் சற்று முன்னதாகவே சக்கரங்கள் தரையைத் தொட்டன.

வெளியே அவினாசி சாலையில், 2025-இல் திறக்கப்பெற்று ஜி.டி. நாயுடுவின் பெயர் தாங்கி நிற்கும் 10 கிலோமீட்டர் மேம்பாலம், உப்பிலிபாளையம் வரை என்னைத் தடையின்றிக் கொண்டு சேர்த்தது. பேரூர்ப் பட்டீசுவரர் ஆலயத்தில் நடை சாத்துவதற்குள் போய்விட வேண்டும் என்று அங்கிருந்தே மேற்கே புறப்பட்டேன்.

(தொடரும்)