நீலத்துக்கு ஒரு முகூர்த்தம்

மார்கழி 18

தை மாதம் திருவாரூரில் நடக்கவிருக்கும் விவாகத்துக்கு வேண்டிய ஏற்பாடுகள் யாவற்றையும் பெரியவர்கள் இஷ்டத்துக்கே விட்டுவிட்ட என் அக்காள் மகள், "மாமா, மணவறையில் நீலப் பூ இருக்க வேண்டும், அதை நீங்கள்தான் பார்த்துச் செய்ய வேண்டும்" என்று ஒன்றே ஒன்றை மட்டும் கேட்டாள். மாலை எடுத்துக் கொடுக்க வேண்டிய தாய்மாமனிடம் கேட்கத் தக்க விண்ணப்பந்தான். ஆயினும் கூடத்தில் இருந்த அத்தைக்கு அது உவப்பாக இல்லை. நீலச் சங்குபுஷ்பம் சனீஸ்வரனுக்குச் சாத்துவதாயிற்றே, சுபகாரியத்தில் அந்த வர்ணம் எதற்கு என்றாள்.

அந்தக் கவலையை அற்பமென்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆனால், மன்மதனுடைய ஐந்து பாணங்களில் தாமரை, அசோகு, மா, முல்லை ஆகியவற்றோடு நீலோற்பலத்தையும் சேர்த்து வைத்த பெரியோர், காயாம்பூவைத் திருமாலின் திருமேனிக்கே உவமையாக்கிய புலவர், இவர்கள் வழியில் வந்த நாம் நீலத்தை அமங்கலம் என்று எப்படி ஒதுக்குவது? இதைச் சொன்னேன். அத்தை மறுக்கவில்லை, சம்மதிக்கவுமில்லை.

மார்கழி 22

தஞ்சாவூர்ப் பூக்காரத் தெருவுக்குப் போனேன். நீலம் என்று கேட்டதும் ஒரு கடைக்காரர், சாயத்தில் தோய்த்தெடுத்த சம்பங்கிச் சரங்களையும், காம்பு வழியே மைநீரை உறிஞ்சி நிறம் மாறிய ரோஜாக்களையும் எடுத்து வைத்தார். ரோஜாவுக்கு இயல்பில் நீலம் இல்லை. நீலத்துக்குக் காரணமான டெல்பினிடின் என்னும் நிறமி அதன் இதழில் உண்டாவதில்லை. ஜப்பானிய சன்டோரி நிறுவனத்தார் பான்சிப் பூவின் மரபணுவை ரோஜாவில் புகுத்தி, நெடுங்காலம் பிரயாசைப்பட்டு, 2009இல் விற்பனைக்குக் கொண்டுவந்த நீல ரோஜாவும் உண்மையில் இளம் ஊதா நிறமே. இயற்கை அவ்வளவு அருமையாகப் போற்றி வைத்திருக்கும் ஒரு வர்ணத்தைச் சாயத் தொட்டியிலிருந்து எடுத்து மணமக்கள் தோளில் போட எனக்குச் சம்மதமில்லை. கூறைப் புடவையில் ஒரு துளி கசிந்தால் என்ன ஆகும் என்ற பயமும் கூடவே இருந்தது.

மலைப்பிரதேசத்து ஹைட்ரேஞ்சியாவைத் தருவிக்கலாம் என்றார் அலங்காரக்காரர். அழகான புஷ்பம், புளிப்பு மிகுந்த மண்ணில் அலுமினியத்தை உண்டு நீலமாகவும், சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் ரோஜா நிறமாகவும் பூக்கும் அதிசயமும் அதற்கு உண்டு. ஆனால் பறித்தபின் நீர் சிறிது குறைந்தாலும் தலை சாய்ந்துவிடும் அதை அத்தனை தூரம் வண்டியில் கொண்டுவருவதில் எனக்கு நம்பிக்கை பிறக்கவில்லை.

மார்கழி 25

அத்தையோடு தியாகராஜர் கோயிலுக்குப் போனேன். கோயில், குளம், செங்கழுநீர் ஓடை மூன்றும் தனித்தனியே ஐந்து வேலி என்று பெருமையோடு கணக்குச் சொல்லும் ஊர் இது; நீர்ப்பூவைத் தேட வேறெங்கும் போக வேண்டியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இவ்வூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர் எட்டு வேற்றுமைகளிலும் கீர்த்தனங்கள் பாடித் துதித்த நீலோற்பலாம்பாள் சந்நிதியில் வெகுநேரம் நின்றோம். அம்பிகை கையில் ஏந்தியிருக்கும் மலரை அத்தை உற்றுப் பார்த்தாள். "அவளே வைத்துக்கொண்டிருக்கும்போது எனக்கென்னடா ஆட்சேபணை?" என்றாள்.

தை 3

சுற்றுக் கிராமத்துக் குளங்களில், ஐப்பசி கார்த்திகை மழையில் நிரம்பிய நீர் இன்னும் வற்றாமல் கிடக்கிறது. அல்லியையும் நீலோற்பலத்தையும் ஒன்றென்று மயங்குவோர் உண்டு. அல்லி இரவில் மலர்வது, நீலோற்பலமோ விடிந்தபின் இதழ் விரித்துப் பிற்பகலில் குவிந்துவிடுவது. நம் முகூர்த்தம் காலை ஒன்பதுக்கு மேல் பத்தரைக்குள். அந்த நேரம் அது நன்றாக விரிந்திருக்கும் வேளை. எந்நேரமும் வாடாத நீலத்தைக் கடைகளில் தேடி அலைவதைவிட, பூ தானாக மலர்ந்து நிற்கும் நாழிகையில் அதை மணவறைக்குக் கொண்டுவருவதே முறை என்று இப்போது உறுதியாகத் தோன்றுகிறது. அக்காளிடம் சொன்னேன். "மாலை வரவேற்புக்கு என்ன செய்வாய்?" என்றாள். மல்லிகை போதும் என்றேன்.

தை 9

மணமாலை வழக்கம்போல் ரோஜாவும் மல்லிகையுமே. அதில் கை வைக்கவில்லை. மணவறையின் இருபுறமும் நீர் நிறைத்த வெண்கல உருளிகளில் நீலோற்பலம். பெண்கள் தலையில் சூட டிசம்பர் பூ. வாசனை இல்லாவிட்டாலும், கனகாம்பரத்தோடு நெருக்கிக் கட்டினால் அந்த ஊதாநீலத்துக்கு ஈடு கிடையாது. வேலியில் பூத்த சங்குபுஷ்பத்தை மட்டும், அத்தையின் மனம் கோணாதபடி, சுவாமி விளக்கின் அடியோடு நிறுத்திவிட்டேன்.

பறிப்பவரிடம், காம்பை நீளமாக விட்டு, மொட்டு அவிழத் தொடங்கும்போது பறிக்கச் சொல்லியாயிற்று. எட்டு மணிக்குள் வண்டி மண்டபத்துக்கு வந்துவிடும்.