புல்லுக்கு அடியில் ஒரு வாசல்

பெல்ஃபாஸ்டிலிருந்து ரயிலில் கோல்ரைன், அங்கிருந்து பஸ். இறங்கியதும் காற்று குடையைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. எனக்கு வேண்டியிருந்தது ஒரு டீ. பழைய ஹோட்டல் ஒன்றைத் தாண்டி, கடலைப் பார்த்து எழும்பும் புல்மேட்டில் ஏறி நின்று சுற்றிலும் பார்த்தேன். கடல், மேகம், புல். வேறு ஒன்றையும் காணோம்.

"டீ எங்கம்மா கிடைக்கும்?"

"உங்க காலுக்குக் கீழதான் மாமா" என்றாள் அக்கா மகள். பெல்ஃபாஸ்டில் நர்ஸாக இருக்கிறாள். வருகிற விருந்தாளிகளையெல்லாம் இங்கே கூட்டி வந்து இந்த வேடிக்கையைக் காட்டுவது அவளுக்கு வழக்கமாம்.

குனிந்து பார்த்தேன். புல்லுக்கு நடுவே நீளமாக ஒரு கண்ணாடிச் சட்டம். அதற்குக் கீழே மனிதர்கள் கோப்பையும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். வட அயர்லாந்தின் ஜயன்ட்ஸ் காஸ்வே பார்வையாளர் மையத்தின் கூரையில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

முப்பது வருஷம் கட்டட மேற்பார்வையில் கழித்தவன் நான். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்தால் ஆளை அனுப்பி வேரோடு பிடுங்கச் சொல்வது என் வேலை. இங்கே கூரை முழுக்க மண்ணைக் கொட்டிப் புல்லை வளர்த்து, அதன்மேல் ஊரையும் நடக்க விட்டிருக்கிறார்கள். முதலில் தோன்றிய கேள்வி அழகைப் பற்றியதல்ல. ஒழுகாதா? உள்ளே போனதும் தளத்தின் அடிப்பக்கத்தை அண்ணாந்து தேடினேன். ஈரக்கறை ஒன்றும் கண்ணில் படவில்லை. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

இங்கே முன்பு இருந்த மையம் 2000இல் தீப்பிடித்து எரிந்தது. 2005இல் உலக அளவில் போட்டி வைத்தார்கள். வென்றது டப்ளினின் ஹெனிகன் பெங் நிறுவனம். கெய்ரோவில் பிரமிடுகளுக்குப் பக்கத்தில் எழும்பிய பெரிய எகிப்திய அருங்காட்சியகமும் இவர்கள் வரைந்ததுதான். பெரிய ஆட்களுக்குப் பக்கத்தில் எப்படி நிற்பது என்று யோசித்துப் பழகியவர்கள். சுமார் 1.85 கோடி பவுண்டு செலவில் 2012 ஜூலையில் திறந்தார்கள்.

யோசனை எளிது. தரையை இரண்டு இடத்தில் கீறினார்கள். ஒரு பட்டையை மேலே தூக்கி, அதன் அடியில் கட்டடத்தை நுழைத்தார்கள். இன்னொரு பட்டையைக் கீழே அழுத்தி, அந்தப் பள்ளத்தில் கார்களை இறக்கினார்கள். எனக்கு இரண்டாவதுதான் பெரிய வேலையாகப் படுகிறது. இதுபோன்ற இடங்களின் அழகைக் கெடுப்பது பெரும்பாலும் கட்டடமல்ல. அதைச் சுற்றி நிற்கும் வண்டிகள். கொடைக்கானலில் தற்கொலைப் பாறைக்கு ஒரு சீசன் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

உள்ளே சூடு தருவது நிலத்தடி வெப்பத்தை இழுக்கும் பம்ப்புகள். பசுமைக் கட்டடங்களுக்கு பிரிட்டனில் கொடுக்கும் பிரீம் தரச்சான்றில் 'எக்ஸலன்ட்' வாங்கியிருக்கிறது. அதெல்லாம் இருக்கட்டும். நான் அதிக நேரம் நின்றது வெளிச்சுவரிடம். உயரமான கருங்கம்பங்கள், இடையிடையே கண்ணாடி. நம்மூர்க் கருங்கல் சாயல்தான், ஆனால் இது பசால்ட், எரிமலைக் குழம்பு உறைந்த கல்; எல்லோராவைக் குடைந்தது இந்த இனத்துக் கல்லில்தான். இதே ஆன்ட்ரிம் மாவட்டத்தில் கில்வாட்டர் குவாரியிலிருந்து வந்தது. விரலால் தடவினேன். மழையில் நனைந்து எண்ணெய் தேய்த்த அம்மிபோலக் கறுத்திருந்தது. ரம்பத்தில் அறுத்த நேர்விளிம்பு. பிடித்துப்போனது அதுதான். கீழே கடலோரத்தில் அறுகோணத் தூண்கள் இருக்கின்றன என்பதற்காக இங்கேயும் அறுகோணம் செதுக்கி வைக்கவில்லை. நம்மூரில் என்றால் வாசலில் சிமென்ட்டில் ஒரு ராட்சதனும் நின்றிருப்பான்.

ராட்சதன் கதை உண்டு. ஃபின் மக்கூல் என்ற ராட்சதன் ஸ்காட்லாந்து எதிரியோடு சண்டை போடக் கடலில் போட்ட பாதைதானாம் அந்தத் தூண்கள். மையத்திலிருந்து பார்த்தால் அந்தப் பாதை தெரியாது. சரிவில் ஒரு கிலோமீட்டர் போல நடக்க வேண்டும். முழங்கால் வலிக்காரர்களுக்கு மினி பஸ் இருக்கிறது. நான் வீறாப்பாக நடந்தேன்.

கரையோர மலைச்சுவரில் கறுப்புக்கு நடுவே ஒரு சிவப்புப் பட்டை. எனக்கு அது பழக்கப்பட்ட நிறம். நம் செம்பூராங்கல்லேதான்! ஒரு குழம்பு ஓடி முடிந்து அடுத்தது வருவதற்குள் நீண்ட காலம் போயிருக்கிறது. அப்போது இங்கே வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்க, மேல்பாறை மக்கிச் சிவந்திருக்கிறது. ஜாக்கெட்டுக்குள் நடுங்கிக்கொண்டே அந்த வெயிலை நினைத்துக்கொண்டேன்.

பிறகு தூண்கள். சுமார் 40,000. வற்றிய ஏரியில் வண்டல் பாளம் பாளமாக வெடிக்குமே, அதே கணக்கு. ஆறு கோடி ஆண்டுகளுக்கு முன் குழம்பு ஆறிச் சுருங்கியபோது விட்ட வெடிப்பு அப்படியே உள்ளே இறங்கித் தூணாகிவிட்டது. பெரும்பாலும் ஆறு பக்கம். ஐந்தும் ஏழும் இருக்கின்றன, எண்ணிப் பார்த்தேன். உட்கார வாகாக இருந்த ஒன்றில் உட்கார்ந்தேன்.

கை வைத்த இடுக்கில் ஏதோ உறுத்தியது. துருப்பிடித்த காசு. பக்கத்து இடுக்கில் இன்னொன்று. அதிர்ஷ்டத்துக்காகவும் காதலுக்காகவும் ஜனங்கள் செருகிவிட்டுப் போகிறார்களாம். காசு துருவேறி உப்பும்போது கல்லின் ஓரம் பொரிந்து உதிர்கிறது. துருவின் சாறு கோடாக வழிகிறது. அவற்றை எடுக்க 30,000 பவுண்டுக்கு மேல் ஆகும் என்று சொல்லி, இனி செருகாதீர்கள் என 2025இல் இடத்தைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் கேட்டுக்கொண்டது. கோடிகள் கொட்டிக் கட்டடத்தைப் புல்லுக்கு அடியில் ஒளித்தாயிற்று. ஆளுக்கொரு பென்னியை என்ன செய்வது?

"வைத்தீஸ்வரன் கோயில் குளத்துல நீங்க காசு போட்டதில்லையா மாமா?" என்றாள் அவள்.

போட்டிருக்கிறேன். பதில் சொல்லாமல் எழுந்து நடந்தேன். ஏற்றத்தில் முழங்கால் முனகியது. மழை வலுத்தது. திரும்பவும் கூரைமேல் வந்து கண்ணாடி வழியாகப் பார்த்தால், டீக்கடையில் ஒரு நாற்காலிகூடக் காலியில்லை.

"ஃப்ளாஸ்க்ல கொண்டு வந்திருக்கேன்" என்றாள். புல்மேலேயே நின்று குடித்தோம்.