வீட்டோடு சேர்ந்தவை

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைச் செய்துபார் என்பது பழமொழி. கட்டுவதிலும் மணம் முடிப்பதிலும் உள்ள தொல்லையை அது கூறுகின்றது. கட்டிய வீட்டை விற்பதிலும் வாங்குவதிலும் உள்ள தொல்லையைப் பற்றி அது ஒன்றும் கூறவில்லை. விலை பேசி, பணம் கொடுத்து, பத்திரம் பதிவு செய்து, சாவியைப் பெற்றுக்கொண்ட பின்னும் ஒரு பூசல் மிஞ்சி நிற்பதுண்டு. விற்றது எது, விற்காதது எது என்பதே அப்பூசல்.

சிற்றூர் ஒன்றில் இவ்வாறு நிகழ்ந்ததாக எண்ணிப் பார்க்கலாம். மூன்று தலைமுறையாக ஒரு குடும்பம் வாழ்ந்த ஓட்டு வீடு அது. தெருவை நோக்கிய திண்ணை, நடுவே முற்றம், கூடத்தில் ஊஞ்சல், பின்புறத்தில் கிணறு, கிணற்றங்கரையில் மல்லிகைக் கொடி என அவ்வீடு விளங்கிற்று. பூசையறைக்கு வேலைப்பாடு அமைந்த தேக்கங்கதவு ஒன்று இருந்தது. அதில் சிறு மணிகள் வரிசையாகத் தொங்கின. வீட்டுக்குரிய முதியவர், மகளின் திருமணக் கடனை அடைக்கும் பொருட்டு வீட்டை விற்க முற்பட்டார். பள்ளியாசிரியர் ஒருவர், பல்லாண்டு சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளைக் கொண்டு அதனை வாங்க முன்வந்தார். அவர்தம் மனைவியார் வீட்டைச் சுற்றிப் பார்த்தபோது அக்கதவின் முன் நெடுநேரம் நின்றார். மணிகளை மெல்ல அசைத்துப் பார்த்தார். முதியவர் அதனைக் கண்டார், ஒன்றும் கூறவில்லை.

பத்திரம் பதிவாயிற்று. நல்ல நாளில் ஆசிரியர் குடும்பத்தோடு வந்து கதவைத் திறந்தார். கூடத்தில் ஊஞ்சல் இல்லை. அது தொங்கிய இரும்பு வளையங்களும் உத்தரத்திலிருந்து பெயர்க்கப்பட்டிருந்தன. கிணற்றில் இராட்டினம் இல்லை. மல்லிகை இருந்த இடத்தில் குழி இருந்தது. பூசையறைக் கதவு நிலையோடு அகற்றப்பட்டிருந்தமையால், சுவரில் செங்கற்கள் பல்லிளித்துக்கொண்டிருந்தன. ஆசிரியரின் மனைவியார் பால் காய்ச்சக் கொண்டுவந்த பாத்திரத்தை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

ஆசிரியர் முதியவரைத் தேடிச் சென்றார். “ஐயா, நான் பார்த்த வீடு வேறு, தாங்கள் கொடுத்த வீடு வேறு” என்றார். முதியவர், “தம்பி, அந்தக் கதவு என் பாட்டனார் செய்வித்தது. நான் வீட்டைத்தானே விற்றேன்? பாட்டனாரை விற்கவில்லையே!” என்றார். இருவர் சொல்லிலும் பொய் இல்லை. ஆயினும் இருவர்க்கும் இடையே பூசல் எழுந்துவிட்டது.

இத்தகைய பூசலுக்குச் சட்டம் என்ன விடை கூறுகின்றது? இந்தியாவில் 1882ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சொத்து மாற்றுச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன் 8ஆம் பிரிவு, வீடு ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்குச் செல்லும்போது அதன் பூட்டுகளும், சாவிகளும், தாழ்க்கம்பிகளும், கதவுகளும், சன்னல்களும், வீட்டோடு நிலையாகப் பயன்படுவதற்கென அமைந்த பிற பொருள்களும் உடன் செல்லும் என்று கூறுகின்றது. வேறு கருத்து வெளிப்படையாகக் கூறப்பட்டிருந்தாலோ, ஐயமின்றிப் பெறப்பட்டாலோ அன்றி, இதுவே விதி.

அச்சட்டத்தின் 3ஆம் பிரிவு நிலத்தோடு சேர்ந்தவற்றை மூவகையாகப் பிரிக்கின்றது. மரமும் செடியும் போல மண்ணில் வேரூன்றியவை முதல் வகை. சுவரும் கட்டடமும் போல மண்ணில் பதிந்தவை இரண்டாம் வகை. அவ்வாறு பதிந்த ஒன்றின் நிலையான பயனுக்காக அதனோடு இணைக்கப்பட்டவை மூன்றாம் வகை. இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால், மல்லிகைக் கொடி முதல் வகையைச் சேரும். பூசையறைக் கதவும் அதன் நிலையும் வீட்டோடு சேரும். கட்டிலும், பெட்டியும், தனியே நிற்கும் அலமாரியும் விற்றவர்க்கே உரியவை. தரையில் பதித்த உரல் வீட்டைச் சேர்ந்தது எனலாம். சும்மா வைத்த அம்மியை அவ்வாறு கூறுதல் அரிது. ஊஞ்சல் பலகையோ கழற்றி மாட்டத் தக்கது. அது யாருக்கு உரியது என்று வழக்காட இடமுண்டு.

இணைத்தலின் உறுதி ஒன்றே முடிவு கூறப் போதாது. அதன் நோக்கத்தையும் நோக்குதல் வேண்டும். இங்கிலாந்தில் 1872ஆம் ஆண்டு இதைப் பற்றிய வழக்கொன்றில் சிறந்த தீர்ப்பு ஒன்று வழங்கப்பட்டது. நெசவாலை ஒன்றின் தரையில் ஆணியடித்து நிறுத்திய தறிகள் ஆலையைச் சேர்ந்தவையா, தனிப் பொருள்களா என்பதே வழக்கு. அவை ஆலையைச் சேர்ந்தவை என்று முடிவாயிற்று. நீதிபதி பிளாக்பர்ன் ஓர் உவமையால் இதனை விளக்கினார். சாந்து பூசாமல் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வேலிச்சுவர் எழுப்பினால், அக்கற்கள் நிலத்தோடு சேர்ந்துவிடும். அதே கற்களைக் கட்டட வேலை செய்வோர் தம் முற்றத்தில் வசதிக்காக அடுக்கி வைத்தால், அவை தனிப் பொருள்களாகவே இருக்கும். கல்லும் ஒன்று, அடுக்கும் ஒன்று, நோக்கமே வேறு.

1902ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பிரபுக்கள் சபைக்கு மற்றொரு வழக்கு வந்தது. மாளிகைச் சுவரில் சட்டமிட்டு ஆணியால் பொருத்திய சித்திரத் திரைகளைப் பற்றியது அது. அத்திரைகள் கண்டு மகிழ்வதற்காக மாட்டப்பட்டவை. ஆதலின் அவை மாளிகையின் பகுதி ஆகா என்று சபை தீர்ப்பளித்தது. தறிக்கும் ஆணி அடித்தனர். திரைக்கும் ஆணி அடித்தனர். ஆனால் ஒன்று ஆலையோடு சேர்ந்தது, மற்றொன்று சேரவில்லை.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் பூசல் ஓயாமைக்குக் காரணம் யாது? வாய் திறவாமையே காரணம். வாங்குவோர், தாம் கண்டவை அனைத்தும் தமக்கு வரும் என்று எண்ணுகின்றனர். விற்போர், தமக்கு அருமையானவை தம்மோடு வரும் என்று எண்ணுகின்றனர். இருவரும் தம் எண்ணத்தை வெளியிடுவதில்லை. இங்கிலாந்தில் வீடு விற்போர், விட்டுச் செல்வன இவை, எடுத்துச் செல்வன இவை என்று அச்சிட்ட படிவத்தில் நிரப்பித் தரும் வழக்கம் உண்டு. நம் நாட்டிலும் விலை பேசும்போதே அத்தகைய பட்டியல் ஒன்றை எழுதி இருவரும் கையொப்பம் இட்டுக்கொள்ளலாம். ஒரு தாளில் முடியும் செயல் அது. நீதிமன்றம் சென்றாலோ, ஒரு கதவின் விலையைப் போலப் பன்மடங்கு பொருளும் காலமும் அழியும்.

ஆசிரியர் நீதிமன்றம் செல்லவில்லை. புறப்படும்போது அவர் ஒன்றே கூறினார்: “ஐயா, அந்தக் கதவு தங்களுக்கு வேண்டும் என்று முன்பே கேட்டிருந்தால், மறுப்பின்றிக் கொடுத்திருப்பேன். வேறு கதவு போட்டுக்கொள்ளும் அளவுக்கு விலையைக் குறைத்திருப்பீர்கள். இப்போது என்னிடம் கதவும் இல்லை. வேறு கதவு வாங்கப் பணமும் இல்லை.” முதியவர் விடை கூறவில்லை. அன்றிரவு அவர் உறங்கவும் இல்லை.

மறுநாள் காலையில் ஒரு வண்டி ஆசிரியர் வீட்டின் முன் வந்து நின்றது. கதவும் நிலையும் இராட்டினமும் அதில் இருந்தன. தச்சரும் உடன் வந்திருந்தார். முதியவர் திண்ணையில் ஏறாமல் தெருவிலேயே நின்றார். ஆசிரியர் இறங்கிச் சென்று அவரை உள்ளே அழைத்து வந்தார். கதவு மீண்டும் பொருத்தப்பட்டபின், ஆசிரியரின் மனைவியார் அதிலிருந்த மணிகளுள் ஒன்றைக் கழற்றி, “தங்கள் மகளிடம் கொடுங்கள், ஐயா” என்று முதியவர் கையில் வைத்தார். ஊஞ்சலைப் பற்றி ஆசிரியர் கேட்கவில்லை. அது முதியவரிடமே இருந்தது.

ஒரு வீட்டில் விலைக்கு உட்படுபவை உண்டு. நினைவுக்கு மட்டும் உரியவையும் உண்டு. நினைவை எவரும் விற்க வேண்டுவதில்லை. ஆனால் நினைவின் பொருட்டு ஒன்றை வைத்துக்கொள்ள விரும்புவோர், விலை பேசும் முன் அதனைச் சொல்லிவிடல் வேண்டும். முன்னே சொன்னால் அது வேண்டுகோள். பின்னே எடுத்தால் அது குற்றம். இரண்டிற்கும் இடையே உள்ள தொலைவு ஒரு சொல்லே ஆகும்.