கலிப்போலி மண்ணில் ஒரு பொத்தான்

துருக்கியின் கலிப்போலி தீபகற்பத்தில், 1915ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் எட்டு மாதங்களுக்கு மேல் உதுமானியப் படையும் நேச நாட்டுப் படைகளும் பொருதிய சரிவுகளில், மழைக்குப் பின் இன்றும் சீருடைப் பொத்தான்கள் தலைகாட்டுகின்றன. துணி மக்கிவிட்டது, அணிந்தவர் மண்ணாகிவிட்டார், பித்தளை மட்டும் பச்சைக் களிம்பேறிக் கிடக்கிறது.

அல்ச்சிதெபே சிற்றூரில், வயல்களில் அகப்பட்டவற்றைச் சேர்த்து வைத்த காட்சிக்கூடத்தைக் கண்டேன். பிறையும் நட்சத்திரமும் பொறித்தவை உதுமானியருடையவை. தம் நாட்டின் வரைபடம் பொறித்தவை ஆஸ்திரேலியருடையவை. ஆங்கிலேயர் பக்கம் பஞ்சாப் முஸ்லிம் பீரங்கி வீரர்களும் நின்றனர் என்பதைப் பலரும் அறியார். எதிரணிப் பொத்தானும் கலிமாச் சொன்ன நெஞ்சின்மேல் இருந்திருக்கலாம்!

என் காலடியிலும் ஒன்று தென்பட்டது. எடுத்துச் செல்வது அந்நாட்டுச் சட்டப்படி குற்றம். எனினும் கை நீண்டதை மறைப்பானேன்? பிறையா, வரைபடமா என்று தேய்த்துப் பார்க்க மனம் துணியவில்லை. மண்ணைத் தள்ளி மூடிவிட்டு இறங்கினேன்.