தோட்டத்து ரோட்டுக்கு எந்த கிராஷ் பார்?

ஹாலிஎலயில் புதிதாக பைக் எடுக்கும் தம்பிமாரே, சைலன்சர் சத்தத்தைக் கேட்கும் முன் எஞ்சினுக்கு என்ன காவல் இருக்கிறது என்று பாருங்கள். பண்டாரவளைக்கு ஏறும் ஏ16 வீதியில் விழுவது வேறு, மழையில் தோட்டத்து ஏற்றத்தில் ஆளையும் சாமானையும் வைத்துக்கொண்டு சாய்வது வேறு. தோட்டத்தில் மெதுவாகத்தான் விழுவோம். ஆனாலும் கிளட்ச் கவரில் கல்லின் முனை பட்டால், வார்ப்பு அலுமினியம் நெளியாது, வெடித்துவிடும். ஒயில் வடிவதைக் கவனிக்காமல் ஓட்டினால் எஞ்சினே இறுகிப்போகும்.

காவலாக ஒற்றை போல்ட்டில் நிற்கும் நைலோன் ஸ்லைடர் வழுக்கிப்போகத் தார் ரோடு வேண்டும். நம் கான் விளிம்பில் அது மாட்டினால், போல்ட் பிடித்த இடத்தையே நெம்பி உடைக்கலாம். என் தேர்வு, சேஸியில் மேலும் கீழும் பிடிக்கும் இரும்புக் குழாய் பார்தான். அது வளையட்டும், வளைந்தால் அடியைத் தான் வாங்கிக்கொண்டது என்று அர்த்தம். ரொம்ப அகலமானது வேண்டாம், வளைவில் தரையைத் தட்டும்.

2020இல் வாகன இறக்குமதி நின்ற பிறகு பைக் விலை எங்கே போனது என்று தெரியும்தானே? கொழுந்துச் சம்பளத்தில் தவணை கட்டும் வீடுகளுக்கு ஒரு எஞ்சின் செலவு தாங்காது.

பாரைப் பூட்டிச் சில நாள் ஓடியதும் போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள்.