உம்மாவின் இருபது சீட்டுகள்

இதயம் பலவீனமடைந்தவருக்கு மருத்துவர் கூறும் அறிவுரைகள் சிலவே. உப்பைக் குறையுங்கள், நாள்தோறும் எடை பாருங்கள், மாத்திரையைத் தவறவிடாதீர்கள். எங்கள் உம்மா இவற்றை வரிசை பிறழாமல் ஒப்பிப்பார்கள். ஆயினும் ஓராண்டுக்குள் இருமுறை கால் வீங்கி, மூச்சுத் திணறி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். மனனம் செய்வது வேறு, விளங்கி நடப்பது வேறு என்பதை மதரஸாவில் அன்றாடம் காண்பவனுக்கு இது புதிதன்று.

அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகச் செவிலியர் துறை ஆய்வாளர்கள் எடைக் கருவியையும் நடையை அளக்கும் கருவியையும் ஒரு கைப்பேசி விளையாட்டோடு இணைத்தார்கள். நோயாளி மெய்யாகவே எடை பார்த்தால்தான் ஆட்டத்தில் முன்னேறலாம். உம்மாவுக்குக் கைப்பேசி ஒத்துவராது. ஆகவே அட்டையில் 20 சீட்டுகள் எழுதினேன். பகடையை மார்க்க அறிஞர்கள் தடுத்திருப்பதால் அதற்கு இடமில்லை. சீட்டுக்கொரு நிலைமை, சரியான விடைக்கு ஒரு புளியங்கொட்டை. மருத்துவரிடம் காட்டிய பின்னரே ஆடத் தொடங்கினோம்.

உலகச் சுகாதார நிறுவனம் நலமாக இருக்கும் பெரியவர்களுக்கே நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பைத்தான் பரிந்துரைக்கிறது. ஒரு தேக்கரண்டி கூட இல்லை. அதைத் தட்டில் கொட்டிக் காட்டியபோது, "இது ஒரு சட்டி ஆணத்துக்கே பத்தாதே!" என்றார்கள் உம்மா. கருவாட்டுச் சீட்டு வந்தால் இன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். முழங்கால் வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோபினாக், இபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள் உடலில் உப்பையும் நீரையும் தேக்கிவிடும் என்பது, ஆட்டம் பார்க்க வந்த அண்டை வீட்டாருக்கும் புதிய செய்தி.

ஒரு சீட்டில் இப்படி எழுதியிருந்தேன்: "மூன்று நாளில் எடை 2 கிலோ கூடிவிட்டது. மகன் வேலைக்குப் புறப்படுகிறான். என்ன செய்வீர்கள்?"

"மஃரிபுக்குப் பிறகு சொல்லுவேன்" என்றார்கள் உம்மா.

என் மகள் விடவில்லை. "ஏன் வாப்பும்மா?"

"லீவு போட்டா வாப்பாவுக்குச் சம்பளத்தைப் புடிச்சிருவாங்கம்மா."

இருமுறையும் உம்மா வீக்கத்தை மறைத்துக் காத்திருந்த காரணம் அதுதான். மருத்துவர் கேட்டும், நான் கேட்டும் வராத பதில் பேத்தியின் புளியங்கொட்டைக்காக வந்தது. அவ்வளவு விரைவில் ஏறும் எடை கொழுப்பன்று, நீர். இதயம் சரிவர இறைக்காதபோது அது காலிலும் நுரையீரலிலும் தேங்கும். ஒரு பகல் தாமதம் சம்பளத்தைவிடப் பெரிய செலவில் முடியலாம் என்பதையெல்லாம் அன்று அமர்ந்து பேசினோம். இப்போது ஃபஜ்ருக்குப் பின், கழிப்பறை சென்று வந்து, தேநீருக்கு முன்பாக உம்மா எடைக் கருவியில் ஏறுகிறார்கள். என் மகள் நாட்காட்டியில் குறிக்கிறாள்.

ரமளான் வருமுன் மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றையும் சீட்டுகளாக எழுதி வருகிறோம். நீர் மாத்திரையை எந்த வேளைக்கு மாற்றுவது, நோன்புக் கஞ்சி எவ்வளவு குடிக்கலாம் என்பன என் கேள்விகள். "நான் நோன்பு வைக்கலாமா?" என்பது உம்மா சொன்னது. நோயாளிக்கு மார்க்கம் தந்துள்ள சலுகையைப் பாடமாக நடத்துபவன் நான். இருந்தும் பதில் சொல்லாமல், அதையே முதல் சீட்டாக எழுதி வைத்தேன்.